சாளரமில்லா மாளிகைகள்

டில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் ஆக்ராவுக்குச் சென்று தாஜ்மகாலைக் கண்டு வராத குடும்பம் ஒன்றேனும் உண்டா என்பது ஐயமே. ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் ஒரு முறை. தம்பிக்குத் திருமணமாகிப் புதுமணத் தம்பதிகள் வந்தால் ஒரு முறை. பள்ளி விடுமுறையில் குழந்தைகள் பிடிவாதம் செய்தால் மற்றொரு முறை. 2012ஆம் ஆண்டில் யமுனை விரைவுச் சாலை திறக்கப்பெற்ற பின்னர் இப்பயணம் மிகவும் எளிதாகிவிட்டது. விடியலில் புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு புறப்பட்டால் இரவு உணவுக்கு வீடு திரும்பிவிடலாம்.

ஆனால் ஆக்ராவை அடையுமுன் கந்தௌலியில் இறங்கி, ஹாத்ரஸ் செல்லும் பழைய சாலையில் சிறிது தூரம் போய்ப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? அங்கே வயல்களின் நடுவே வேறு வகை மாளிகைகள் நிற்கின்றன. நான்கு மாடி, ஐந்து மாடி உயரம். ஆயினும் ஒரு சாளரம்கூட இல்லை. நெற்றியில் ‘சீத்கிருஹ்’ என்று இந்தியில் எழுதியிருக்கும். அரசர் எவரும் அவற்றுள் துயிலவில்லை. துயில்வது உருளைக்கிழங்கு. நம் வீட்டு மசால் தோசைக்குள் புகும் கிழங்கு, ஆண்டில் ஏழெட்டு மாதம் அங்கேதான் கிடக்கிறது.

நம் இல்லத்தரசிகள் இதை வேறொரு வழியாக முன்னரே அறிவர். புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வாங்கும் கிழங்கைப் பொரியல் செய்தால் என்ன காரம் இட்டாலும் ஓர் இனிப்பு எட்டிப் பார்க்கிறது. வாணலியில் இட்டதும் சீக்கிரம் கருகுகிறது. கடைக்காரரைக் கடிந்து பயனில்லை. மிகுந்த குளிரில் நெடுநாள் கிடந்த கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடுகிறது. அதனை இரண்டு வாரம் வெளியே கூடையில் காற்றாடப் போட்டு வைத்தால் அவ்வினிப்பு ஓரளவு குறையும் என்பது அறிந்தோர் கூற்று; நம் வீட்டிலும் சோதித்துப் பார்த்ததுண்டு.

இம்மாளிகைகளின் வரலாற்றையே இவ்வாண்டு மலருக்குச் சிறிது எழுத முற்பட்டோம். கோயிலுக்குச் சிற்ப சாத்திரம் உண்டு. வீட்டுக்கு மனையடி சாத்திரம் உண்டு. கிழங்கின் வீட்டுக்கு என்ன சாத்திரம்? அதனை எழுதியவர் யார்? எழுதியபடி கட்டுகிறார்களா? இக்கேள்விகள் பொழுதுபோக்குக்கு உரியவை அல்ல என்பது இறுதியில் புலனாகும்.

முதலில் ஏன் இப்படியொரு வீடு வேண்டியதாயிற்று என்பதைக் காண்போம். தமிழ்நாட்டில் உருளைக்கிழங்கு என்றால் நீலகிரி. அங்கே ஆண்டில் மூன்று பருவம் கிழங்கு விளையும். ஒரு விளைச்சல் முடிவதற்குள் மற்றொன்று மேட்டுப்பாளையம் சந்தைக்கு இறங்கிவிடும். மலையே குளிர்ச்சியானது. ஆகவே நெடுநாள் சேமிக்கும் கவலை அவ்வளவாக எழவில்லை. கங்கைச் சமவெளியின் நிலை அதுவன்று. ஐப்பசியில் நட்டு, மாசி பங்குனியில் தோண்டி எடுப்பது. ஆண்டுக்கு ஒரே விளைச்சல். தோண்டி முடிந்த மறுமாதமே வெப்பக் காற்று வீசத் தொடங்கிவிடும். அந்த ‘லூ’வில் மனிதரே வாடும்போது கிழங்கு எம்மாத்திரம்? உண்ணும் கிழங்கை விற்றுத் தீர்த்தாலும், அடுத்த ஐப்பசியில் நடுவதற்கான விதைக்கிழங்கை எப்படிக் காப்பது? முற்காலத்தில் விதை பெரும்பாலும் சிம்லா முதலிய மலைப் பகுதிகளிலிருந்து வர வேண்டியிருந்தது.

1949இல் பாட்னாவில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் எஸ். ராமானுஜம். 1956இல் அந்நிலையம் சிம்லாவுக்கு மாறியது. அசுவினிப் பூச்சி குறைவாக உள்ள குளிர்காலத்தில் சமவெளியிலேயே நோயற்ற விதைக்கிழங்கை விளைவிக்கலாம் என்னும் முறையைப் பின்னர் புஷ்கர்நாத் முதலிய அறிஞர்கள் அங்கே உருவாக்கினர். தை மாதத்தில் தழையை அறுத்துவிட்டுக் கிழங்கைத் தோண்டி, 2 முதல் 4 பாகை செல்சியஸ் குளிரில் ஐப்பசி வரை உறங்க வைப்பது. இம்முறை முழுவதும் ஒரு கட்டடத்தை நம்பியிருப்பதைக் கவனிக்க வேண்டும். குளிர்க் கிடங்கு இல்லையேல் விதை இல்லை. விதை இல்லையேல் அடுத்த விளைச்சல் இல்லை. சமவெளியின் உழவர் தம் மறுவருஷத்தை ஒரு சுவருக்குள் பூட்டி வைக்கிறார் என்றே சொல்லலாம்.

நம்மவருக்குக் களஞ்சியம் புதிதன்று. குதிரும் பத்தாயமும் வீட்டுக்கு வீடு இருந்தன. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் தஞ்சை நாயக்கர் காலத்துச் செங்கற் களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பர். ஆனால் நெல் காய்ந்த பொருள், கொட்டிவிட்டால் கிடக்கும். கிழங்கோ உயிருள்ளது. அது மூச்சு விடுகிறது; கரியமில வாயுவை வெளியிடுகிறது; தன் உடற்சூட்டையும் வெளிவிடுகிறது. காற்று புகாமல் குவித்தால் உள்ளே கருத்து அழுகும். ஈரம் குறைந்தால் சுருங்கும். வெப்பம் ஏறினால் முளைவிடும். நெற்குதிரைக் கட்டிய கொத்தனார் கிழங்குக் கிடங்கைக் கட்ட முடியாமைக்குக் காரணம் இதுவே.

குளிரைச் சுவருக்குள் அடைக்கும் வித்தை இந்நாட்டுக்குக் கப்பலில் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடரிக் டியூடர், தம் ஊர்ப்பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து வெப்ப நாடுகளுக்கு அனுப்பி விற்றவர். 1833இல் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நான்கு மாதம் கடலில் மிதந்து கல்கத்தாவை அடைந்தது. அப்போதும் ஏறக்குறைய 100 டன் கரையாமல் எஞ்சியிருந்தது! இரட்டைப் பலகைச் சுவரும், இடையிட்ட பொருளும், மரத்தூளும் செய்த அற்புதம் அது. எந்திரம் ஒன்றும் இல்லை. சுவர் ஒன்றே வேலை செய்தது.

சென்னைக் கடற்கரையில் 1842ஆம் ஆண்டளவில் அப்பனிக்கட்டியை வைத்து விற்கக் கட்டிய ‘ஐஸ் ஹவுஸ்’ நம் அனைவருக்கும் தெரிந்த கட்டடம். 1870களில் சென்னையிலும் கல்கத்தாவிலும் பனிக்கட்டியை எந்திரத்தால் உண்டாக்கும் கம்பெனிகள் எழுந்ததும் கப்பல் வணிகம் படுத்தது. பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதனை வாங்கி, சாளரங்கள் அமைத்து வீடாக்கினார். 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். பனிக்கட்டிக்குக் கட்டிய வீட்டில் மனிதர் குடியேற வேண்டுமானால் முதலில் சாளரம் திறக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

அதே 1870களில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் லிண்டே அம்மோனியாவைக் கொண்டு குளிர் உண்டாக்கும் எந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். இந்தியாவின் முதற் குளிர்க் கிடங்கு 1892இல் கல்கத்தாவில் அமைந்தது என்பர். இன்றும் கந்தௌலிச் சாலையிலும், வங்காளத்து ஹூக்ளி மாவட்டத்திலும் கிழங்கைக் குளிர்விப்பது பெரும்பாலும் அதே அம்மோனியாதான். மலிவானது, திறன் மிக்கது, கசிந்தால் மூக்கைத் துளைத்து எச்சரிப்பது. எச்சரிக்கையைக் கேட்டு ஓட வழியிருந்தால் நல்லது. வழியில்லாத அறைக்குள் கண்ணையும் நுரையீரலையும் எரித்துக் கொல்வதும் அதுவே. காற்றோடு ஒரு குறிப்பிட்ட அளவு கலந்து நெருப்புப் பொறியும் சேர்ந்துவிட்டால் வெடிக்கவும் செய்யும்.

இனிச் சுவருக்கு வருவோம். தொடக்கக் காலத்துக் கிடங்குகளில் தடித்த செங்கற் சுவருக்கு உட்புறம் மற்றொரு சுவர் எழுப்பி, இடைவெளியில் உமியை நிரப்புவார்கள். உமி அக்காலத்தில் ஏறக்குறைய இலவசம். வெப்பத்தையும் நன்கு தடுக்கும். ஆனால் அதற்கு ஒரு பகைவன் உண்டு, அதுதான் ஈரம். கோடையின் இறுதியில் மழைக்காற்று வீசும்போது வெளியே வெப்பமும் நீராவியும் மிகுந்திருக்கும். உள்ளே மூன்று பாகைக் குளிர். நீராவி எப்போதும் குளிர்ந்த பக்கம் நோக்கியே ஊர்ந்து செல்லும். குளிர்ந்த நீர் நிரம்பிய சொம்பின் புறத்தே வியர்ப்பதை நாள்தோறும் காண்கிறோம் அல்லவா? அந்த வியர்வை கிடங்கில் சுவரின் வயிற்றுக்குள் நிகழ்கிறது. உமி நனைகிறது, நனைந்த உமி வெப்பத்தைத் தடுப்பதில்லை, நாளடைவில் மக்கி அடியில் தங்கிவிட, மேற்பாதி வெற்றிடமாகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சுவர் பழையபடியே தெரியும். எந்திரம் மட்டும் இரவு பகலாக ஓடும், மின்கட்டணம் ஏறும், கிழங்கு முளைக்கும்.

ஆகவே நீராவியைத் தடுக்கும் தார்ப் பூச்சு இட வேண்டும். அதுவும் வெப்பமான பக்கத்தில், அதாவது காப்புப் பொருளுக்கு வெளிப்புறமாக, எங்கும் கீறலின்றி இட வேண்டும் என்பது நியதி. உட்புறத்தில் இட்டால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சிறைப்படும். மாற்றி இட்டவர்கள் இல்லாமல் இல்லை. கொத்தனாரின் இயல்பான அறிவு, குளியலறைச் சுவரைப் போல ‘ஈரம் உள்ள பக்கம் பூசு’ என்று சொல்லும். குளிர்க் கிடங்கிலோ ஈரம் வருவது வெளியிலிருந்து. கைப்பழக்கம் போதாது, எழுதிவைத்த விதி வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

அவ்விதிகளை எழுதும் பணி, 1947இல் தோன்றிய இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்தது. 1987 முதல் அது இந்தியத் தர அமைவனம் என்னும் பெயரில் சட்டபூர்வமான அமைப்பாகச் செயல்படுகிறது. அந்நிறுவனத்தின் முதலாம் எண் நூல் நம் தேசியக் கொடிக்கு உரியது என்பது பலர் அறியாத செய்தி. குளிர்க் கிடங்குகளின் வெப்பக் காப்புக்கு உரியது 661ஆம் எண். 1974லும் 2000லும் திருத்தி வெளியிடப்பெற்றது. எந்தக் குளிருக்குச் சுவர் எவ்வளவு வெப்பத்தை விடலாம், கூரை எவ்வளவு, தரை எவ்வளவு, தார்ப் பூச்சு எந்தப் பக்கம் என்பனவெல்லாம் அதில் உண்டு. உமியின் இடத்தைத் தெர்மோகோலும், பின்னர் அதனினும் மேம்பட்ட நுரைப் பலகைகளும் பிடித்துக்கொண்டன. குளிர்பதன எந்திரங்களின் பாதுகாப்புக்கு 660ஆம் எண் தனி நூல். கட்டடம் தாங்க வேண்டிய பாரத்துக்கு 875ஆம் எண். நிலநடுக்கத்துக்கு 1893ஆம் எண். நான்கு நூலும் நல்ல நூல்களே. ஆனால் நான்கையும் ஒருவரே படித்துக் கட்டினாரா என்பதுதான் கேள்வி. வெப்பக் காப்புக்காரர் ஒருவர்; எந்திரம் பூட்டுபவர் மற்றொருவர்; தூணும் கூரையும் எழுப்புபவர் வேறொருவர். மூவரும் ஒருவரையொருவர் காணாமலே ஒரு கிடங்கு எழுந்துவிடக் கூடும்.

சட்டத்தின் வரலாறு தனி. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் 1964இல் மத்திய அரசாங்கம் குளிர்க் கிடங்கு ஆணையைப் பிறப்பித்தது. கிடங்கு கட்டுவோர் உரிமம் பெற வேண்டும் என்றாயிற்று. 1980இல் அதற்குப் புது வடிவம் வந்தது. மேற்கு வங்காளம் 1966லும், உத்தரப் பிரதேசம் 1976லும் தமக்கெனத் தனிச் சட்டங்கள் இயற்றிக்கொண்டன. இவற்றின் நோக்கம் பெரும்பாலும் உழவரைக் காப்பது. வைத்த மூட்டைக்கு ரசீது, வாடகை, கெட்டால் இழப்பீடு என்பன. அது வேண்டியதே. ஒரு வருஷத்து உழைப்பை அயலார் சுவருக்குள் வைத்துவிட்டு வீடு திரும்பும் உழவருக்கு அந்தக் காகிதத் துண்டைத் தவிர வேறென்ன பிடிப்பு?

பின்னர் உரிமங்களைத் தளர்த்தும் காலம் வந்தது. 1997இல் மத்திய அரசாங்கத்தின் ஆணை நீக்கப்பெற்றது. ஈராண்டுக்குள், புதிதாகக் கிடங்கு கட்டுவோருக்கு மானியம் வழங்கும் திட்டம் தேசியத் தோட்டக்கலை வாரியத்தின் வழியாக நடைமுறைக்கு வந்தது. ஊர்தோறும் மாளிகைகள் எழுந்தன. 2010இல் அவ்வாரியம் குளிர்க் கிடங்குகளை மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விரிவான தர நெறிகளை வெளியிட்டது. கிழங்கு, வெங்காயம் போல ஒரே பொருளை நெடுநாள் வைப்பது முதல் வகை. ஒரு டன் கிழங்குக்கு அறையில் 3.4 கன மீட்டர் இடம் வேண்டும், குளிர் எம்மூலையிலும் ஒரு பாகைக்கு மேல் மாறக் கூடாது, கரியமில வாயு இவ்வளவுக்கு மேல் சேரக் கூடாது என்று நுணுக்கமாக எழுதினர். சுவரைப் பற்றிய அறிவும் எந்திரத்தைப் பற்றிய அறிவும் ஒரே ஏட்டில் சேர்ந்தது அப்போதுதான். பாராட்டத்தக்க பணி.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்நெறிகள் கட்டாயமாவது மானியம் கேட்பவருக்குத்தான். தர அமைவனத்தின் நூல்களும், ஒரு சட்டமோ ஒப்பந்தமோ அவற்றைப் பெயர் சொல்லிக் கட்டாயமாக்காதவரை, விரும்புவோர் பின்பற்றும் நூல்களே. மானியம் வேண்டாம், என் பணத்தில் பழைய கிடங்கின் பக்கத்தில் ஓர் அறை கூட்டிக்கொள்கிறேன் என்று ஒருவர் தொடங்கினால், தர நெறி அவர் வாயிலில் நின்று கதவைத் தட்டுவதில்லை. உள்ளூர் அனுமதிதான் தடுக்க வேண்டும்.

இதற்கிடையில் கிடங்குகளின் உருவமே மாறிவிட்டது. 1955இல் நாடு முழுவதும் 83 குளிர்க் கிடங்குகளே இருந்தன; அவற்றின் மொத்தக் கொள்ளளவு சுமார் 43,000 டன். வகுத்துப் பார்த்தால் கிடங்கு ஒன்றுக்கு 500 டன்னுக்குச் சற்று மிகுதி. 2020ஆம் ஆண்டளவில் கிடங்குகள் எட்டாயிரத்துக்கு மேல். கொள்ளளவு 3 கோடியே 70 லட்சம் டன்னுக்கு மேல். ஒன்றுக்குச் சராசரி 4,500 டன். எண்ணிக்கை பெருகியதை எல்லாரும் பேசுகிறார்கள். ஒவ்வொரு கிடங்கும் எட்டு ஒன்பது மடங்கு பருத்துவிட்டதை எவரும் பேசுவதில்லை. பழைய ஊர்க் கிடங்கில் குளிரைக் காப்பதே பெருங்கவலை. பாரம் ஒரு பொருட்டன்று. இன்றைய கிடங்கில் பாரம் முன்னே வந்து நிற்கிறது.

எவ்வளவு பாரம்? 875ஆம் எண் நூலின் 1987ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்வதைப் பாருங்கள். நாம் குடியிருக்கும் வீட்டின் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கினால் போதும். குளிர்க் கிடங்கின் தளமோ, பொருளை அடுக்கும் உயரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 500 கிலோ வீதமும், எப்படியும் 1,500 கிலோவுக்குக் குறையாமலும் தாங்க வேண்டும். நம் கூடத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல்! 5,000 டன் கிடங்கு என்றால் ஐம்பது கிலோ மூட்டையாக ஒரு லட்சம் மூட்டை. அதில் நூற்றுக்குப் பத்து மிகுதியாக ஏற்றினால் பத்தாயிரம் மூட்டை, ஐந்நூறு டன், பத்து டன் லாரியாக ஐம்பது லாரி. இவ்வளவும் ஒரு தூணின் தலையில், கண்ணுக்குத் தெரியாமல், மூன்று நான்கு வாரத்துக்குள் வந்து அமர்கிறது. மிகுதியாக ஏற்றினால் மூட்டைகளுக்கிடையே காற்றோட்டமும் அடைபட்டுக் கிழங்கு கெடும் என்பது வேறு. ஆனால் கெட்ட கிழங்கு ஆவணியில்தான் தெரியும்; விரிசல் கண்ட உத்திரம் அதுவரை பொறுப்பதில்லை.

2017ஆம் ஆண்டு மார்ச் 15இல் கான்பூரை அடுத்த சிவராஜ்பூரில் ஒரு குளிர்க் கிடங்கில் அம்மோனியா வெடித்துக் கூரை சரிந்தது; உயிர்கள் போயின. 2023 பிப்ரவரி 24இல் மீரட்டை அடுத்த தௌராலாவில் கிடங்கின் குளிர்பதனக் கருவி வெடித்துக் கட்டடம் சரிய, ஏழு தொழிலாளர் மாண்டனர். ஜம்முப் பகுதியிலிருந்து கூலி தேடி வந்தவர்கள் அவர்கள். பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்த நமக்கு அச்செய்தியின் அந்த ஒரு வரி சற்றுக் கூடுதலாகவே உறைத்தது. மூன்று வாரம் கழியவில்லை. மார்ச் 16இல் சம்பல் மாவட்டத்துச் சந்தௌசியில் மற்றொரு கிடங்கின் கூரை, கீழே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தது. பதினான்கு பேர் இறந்தனர். இடிந்த பகுதி அண்மையில் கட்டிச் சேர்த்தது என்றும், அதற்கு அனுமதி பெறவில்லை என்றும் அதிகாரிகள் கூறியதாக அப்போது பத்திரிகைகள் எழுதின. அம்மோனியா கசியுமோ என்ற அச்சத்தினால் இடிபாடுகளை விரைந்து அகற்றவும் இயலவில்லை.

மூன்றின் தேதிகளையும் மீண்டும் ஒரு முறை நோக்குங்கள். மாசியும் பங்குனியும். கிடங்கில் மூட்டை ஏறும் காலம். சும்மா நிற்கும் கூரையைக் கார்த்திகையில் பார்வையிட்டால் என்ன தெரியும்? காலியான கிடங்கு எல்லா விதிகளுக்கும் உடன்பட்டுத்தான் நிற்கும். அது தேர்வு எழுதுவது பங்குனியில். அப்போது உள்ளே இருப்பவர்கள் பொறியாளர்கள் அல்லர், மூட்டை சுமக்கும் பல்லேதார்கள். உரிமம் கட்டும்போது ஒரு முறை. மானியம் கொடுக்கும்போது ஒரு முறை. சோதனை அத்துடன் தீர்ந்தது என்னும் நடைமுறையில்தான் பிழை இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. நூல்களில் குறையில்லை. மூட்டை ஏறும் வாரத்தில் தூணின் அடியில் நின்று பார்க்கும் கண் இல்லை.

உடையவரின் பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாரும் உண்டு. சென்ற பங்குனியில் நண்பர் ஒருவரின் துணையோடு நாம் ஒரு கிடங்குக்குள் சென்று பார்த்தபோது, செய்தி அவ்வளவு எளிதன்று என்று தெரிந்தது.

வெளியே நல்ல வெயில். கனத்த கதவைத் தாண்டியதும் மார்கழி. மங்கிய விளக்கு. மூங்கிலும் இரும்பும் கொண்டு கட்டிய தட்டுகள் தலைக்கு மேல் அடுக்கடுக்காக இருளில் மறைந்தன. கிழங்கின் மண்வாசனை, அதற்குள் எங்கோ மெல்லிய அம்மோனியா நெடி. பல்லேதார்கள் முதுகில் மூட்டையுடன் சாய்தளத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். தலையில் முண்டாசு, காலில் செருப்பில்லை. பேச்சுக் குரலே இல்லை. மூச்சு மட்டும் வெண்புகையாகத் தெரிந்தது. சுவரில் ஓரிடத்தில், ஆள் உயரத்துக்கு மிக மேலே, சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு. அதற்கு மேல் மூட்டை ஏறக் கூடாது என்பது அங்கே நாற்பது ஆண்டு வேலை பார்த்த மிஸ்திரி ஒருவர் போட்டு வைத்த விதியாம். அவருக்கு 875ஆம் எண் நூல் தெரியாது. ஓர் ஆண்டு அந்த இடத்துக்கு மேல் ஏற்றியபோது உத்திரத்தில் சத்தம் கேட்டதாம். இறக்கச் சொன்னார்; இறக்கினார்கள்; கோடு போட்டார்.

வாயிலுக்கு வெளியே சாலையில் டிராக்டர்களின் வரிசை அரைக் கல் தொலைவுக்கு நின்றது. அவ்வாண்டு விளைச்சல் மிகுதி; வயலில் கிழங்கின் விலை தோண்டும் கூலிக்கும் காணாது. உள்ளே வைத்தால் ஐப்பசியில் ஏதேனும் கிடைக்கும். வெளியே நின்றால் பத்து நாளில் வெயில் எடுத்துக்கொள்ளும். இரண்டு இரவாக வண்டியிலேயே உறங்கிய முதியவர் ஒருவர் முன்ஷியின் மேசைமுன் நின்று, இருபது மூட்டைதான், இருபதே மூட்டை என்று கைகூப்பிக்கொண்டிருந்தார். ஒரு லட்சத்தில் இருபது என்ன பாரம்? முன்ஷி நல்லவர். முதியவரைத் தாவு என்றே விளித்தார். அது அவர்கள் பக்கத்தில் பெரியப்பாவைக் கூப்பிடும் சொல். தாவு, உங்களுக்குப் பின்னால் நூறு பேர் இருபது இருபதாக நிற்கிறார்கள் என்றார். பிறகு எழுந்து போய், ‘நிரம்பிவிட்டது’ என்று எழுதிய தகரப் பலகையை வாயிற் கம்பியில் மாட்டினார்.

முதியவர் சற்று நேரம் அப்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு டிராக்டரில் ஏறி, வண்டியைத் திருப்பிக்கொண்டு ஹாத்ரஸ் பக்கம் போனார். அங்கே புதிதாக ஓர் அறை கட்டிச் சேர்த்த கிடங்கு ஒன்று இருக்கிறது, அதில் இன்னும் எடுத்துக்கொள்கிறார்கள் என்று வரிசையில் யாரோ சொல்லியிருந்தார்கள்.